என் ரத்தமும் உறையவில்லை

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தை எனக்கு வராது. முப்பத்து நான்கு வருஷம் ரங்கூனில் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து வாய் மட்டும்தான் கூர்மையானது. அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். சோதனைகளை எப்படிச் செய்வது என்பதெல்லாம் உங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பன்னிரண்டு வருஷம் நான் வேலை பார்த்தது பசுந்தாங் பேட்டையில், ஓடைப்பக்கம் இருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில். லேப் கீழே, வார்டு மாடியில். எல்லோருக்கும் நான் ஸயாமா. டீச்சரம்மாவுக்கும் நர்ஸம்மாவுக்கும் லேப்காரிக்கும் பர்மியத்தில் அந்த ஒரே மரியாதைதான்.

எனக்கு இரண்டு கெட்ட பழக்கம். ஒன்று சுத்தப் பைத்தியம். மற்றது, புதுச் சாமானைப் பிரிக்க மனசு வராது. நம் வீடுகளில் தெரியுமே, நல்ல பீங்கான் தட்டெல்லாம் அலமாரியில் இருக்கும், வீட்டு மனுஷர்கள் விரிசல் விட்ட தட்டில் சாப்பிடுவார்கள். அதே புத்தி எனக்கு லேப்பிலும். வெளிநாட்டுச் சாமான் வருவது அரிதாகிப்போன இந்த வருஷங்களில் அது இன்னும் முற்றிவிட்டது. புதுக் கண்ணாடிக் குழாய் இரண்டு டப்பா அலமாரியில் பூட்டிக் கிடக்க, நான் பழையதையே கழுவிக் கழுவி உபயோகித்தேன். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பம்புத் தண்ணீரின் மஞ்சள் கறை ஒரு பொட்டு தெரிந்தாலும் திரும்பத் தேய்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சம்பவம் நடந்தது ஒரு கோடை மத்தியானம். கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஆம்புலன்ஸ்கூட டீசல் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது. மின்விசிறி நின்று, தெருவில் யாரும் இல்லாமல், கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அப்போது ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். அலோன் பேட்டையில் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிற தமிழர் அவர். மகள் தேவிக்கு இருபத்திரண்டு வயது, செல்போன் கடையில் வேலை. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். வலது கை மணிக்கட்டுக்கு மேல் வரைக்கும் வீங்கி, விரல்களுக்கு நடுவே நீலம் பாய்ந்திருந்தது. இடது கையில் மூடியில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மார்போடு அணைத்திருந்தாள்.

டப்பாவுக்குள் பாம்பு. இந்த நாட்டில் பாம்புக்கடிக்காரர்கள் பாம்பை அடித்து, கூடவே எடுத்துக்கொண்டு வருவார்கள். எந்த விஷம் என்று டாக்டருக்குத் தெரியவேண்டுமே. செத்த பாம்பை நான் நூறு பார்த்திருப்பேன். உயிரோடு, செல்லப் பெயர் வைத்து ஒன்று வந்தது அன்றுதான்.

"பிஸ்கட்ட ஒண்ணும் செஞ்சிராதீங்க ஆன்ட்டி," என்றாள். அவள் தமிழ் பாதிப் பர்மியம். "அது பாவம். எலிக்குஞ்சு குடுத்த கைய நான் கழுவல. சாப்பாடுன்னு நெனச்சு மென்னுக்கிட்டே இருந்திச்சு. மூணு நாலு நிமிசம் விடவே இல்ல."

ஆன்லைனில் வாங்கினாளாம், அமெரிக்கப் பாம்பாம். கொஞ்சம்போல விஷம் உண்டு, கை வீங்கும், ஆள் சாகாது என்று செல்போனில் படித்துக் காட்டினாள். டாக்டர் டப்பாவைக் குனிந்து பார்த்தார். மணல் நிற உடம்பில் வரிசையாகக் கபிலத் திட்டுகள். மூக்கு மட்டும் மேலே தூக்கியிருந்தது. திட்டுத் திட்டாக இருக்கிற பாம்பு என்றால் இந்த நாட்டில் எவருக்கும் முதலில் ஞாபகம் வருவது கண்ணாடி விரியன். அது கடித்தால் ரத்தம் உறையாது. உள்ளுக்குள்ளேயே கசிந்து ஆள் போய்விடுவான்.

"விற்றவன் சொன்னதை நான் நம்பணுமா?" என்று டாக்டர் பர்மியத்தில் கேட்டார். "ஸயாமா, குழாய் டெஸ்ட் போடுங்க."

கரண்ட் இல்லாத ஊரில் பாம்புக்கடிக்கு அதுதான் சோதனை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்கவேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்கவேண்டும். ஜெல்லி மாதிரி ஒட்டி நின்றால் பயமில்லை. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது.

மாடியில் பாம்பை வைத்துக்கொள்ள எந்த நர்ஸும் சம்மதிக்கவில்லை. டப்பா என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. தேவியின் ரத்தத்தைக் குழாயில் விட்டு, தாங்கியில் நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பாம்பும் நானும்.

ஐந்தாறு நிமிஷம் கழித்து டப்பாவுக்குள் சரசரவென்று ஒரு சத்தம். பார்த்தால் பாம்பு மல்லாந்து கிடக்கிறது. வாய் பிளந்து, நாக்கு வெளியே தொங்கி, வெள்ளை வயிறு மேலே தெரிய, ஒரு துர்வாடை. செத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடியைத் திறந்து, மண்டையில் மூளை இல்லாதவள் மாதிரி வெறும் விரலால் அதைப் புரட்டிப்போட்டேன். புரட்டிய மறு நொடி அது தானாகவே திரும்பி மல்லாந்து கிடந்தது. மறுபடி புரட்டினேன். மறுபடி திரும்பிச் செத்தது. "ஏசுவே!" என்று மூடியை அழுத்தி மூடினேன். அந்த ஜாதிப் பாம்பு பயந்தால் அப்படித்தான் நடிக்குமாம், தேவி பிறகு சொன்னாள். அப்போது எனக்கு அது தெரியாது. செத்துப்போன ஒன்று 'என்னைச் செத்தபடி இருக்க விடு' என்று சொல்வது மாதிரி இருந்தது.

இருபது நிமிஷம் முடிந்ததும் குழாயைச் சாய்த்தேன். ரத்தம் ஓடியது. இந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம். சீட்டில் 'உறையவில்லை' என்று எழுதி மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்து உட்காரவில்லை, அதற்குள் தேவியின் அப்பா லேப் ஜன்னலில் நின்றார். கைலி நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"ஸயாமா, நீங்க நம்ம ஆளுதானே? தமிழ்லயே சொல்றேன்."

"சொல்லுங்க அண்ணே."

"பத்து வயசுல இவள ஒரு தடவ விரியன் கடிச்சிருக்கு. அவ அம்மா ஊர்ல, வயக்காட்டுல. அப்ப விஷமுறிவு மருந்து போட்டாங்க. போட்ட அஞ்சாவது நிமிசம் மூஞ்சி வீங்கி, தொண்ட அடச்சு, புள்ள நீலமாப் போயிட்டா. கடியில பொழச்சவ மருந்துல போயிருப்பா. இப்ப மறுபடி அதேதான் போடணுங்கிறாங்க."

"டாக்டர்கிட்ட இதச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'ரத்தம் உறையலயே, போடாட்டியும் போயிருவா, போட்டா பொழைக்க ஒரு வழி இருக்கு'ன்னாரு. அதுக்கு மேல கேக்க ஆனாடே."

எதிராளியைச் சங்கடப்படுத்தக் கூச்சப்படுவதை இந்த ஊரில் ஆனாடே என்போம். தமிழில் பேசினாலும் அந்தச் சொல் மட்டும் பர்மியத்தில்தான் வாயில் வரும். மகள் உயிர் போகப்போகிறது என்று தெரிந்தும் ஒரு மனுஷனுக்குக் கேள்வி கேட்கக் கூச்சம். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வந்ததா, என்மேல் வந்ததா என்று தெரியவில்லை. ஏனென்றால் அவர் பேசிக்கொண்டிருந்தபோதே என் கண் மேஜை விளிம்புக்குப் போய்விட்டது. தேவியின் ரத்தத்தைக் குழாயில் விடும்போது ஒரு சொட்டு அங்கே சிந்தியிருந்தது. சுத்தப் பைத்தியம் பிடித்த நான் அதைத் துடைக்க மறந்திருந்தேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக, ஈரல் துண்டு மாதிரி, அது உறைந்திருந்தது.

மேஜையில் உறைந்த ரத்தம் குழாயில் ஏன் ஓடுகிறது?

மாடிக்கு ஓடி டாக்டரிடம், மறுபடி பார்க்க இருபது நிமிஷம் அவகாசம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மருந்து கலந்தாகிவிட்டது, மூச்சு நின்றால் போட வேண்டிய ஊசியும் தட்டில் தயாராக இருந்தது.

"இருபதுக்கு மேல் ஒரு நிமிஷம் ஆகக்கூடாது, ஸயாமா. வீக்கம் முழங்கையைத் தொடுது."

இங்கேதான் பிள்ளைகளே, என் புத்தியைப் பாருங்கள். குழாய்மேல் சந்தேகம் வந்தவள் என்ன செய்யவேண்டும்? அலமாரியைத் திறந்து, புதுக்குழாயை எடுத்து, அந்தப் பெண்ணின் ரத்தத்தை மறுபடி பார்க்கவேண்டும். நான் அதைச் செய்யவில்லை. என் குழாய் தப்பாக இருக்காது, அதை நிரூபித்துவிட்டு வருகிறேன் என்று போனேன். என் கையில் நானே ரப்பரைக் கட்டி, பல்லால் இழுத்து, என் ரத்தத்தை எடுத்து நான் கழுவின இன்னொரு குழாயில் விட்டேன். ஆரோக்கியமான ரத்தம் பத்து நிமிஷத்துக்குள் உறைந்துவிடும். எனக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவர் நோயாளியின் குழாய்க்குப் பக்கத்தில் எப்போதும் தன் ரத்தத்தை ஒரு குழாயில் நிறுத்துவார். அவர் விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. அவர் போன பிறகு நான் அந்த இரண்டாவது குழாயை நிறுத்திவிட்டேன், நேரம் வீண் என்று.

பத்து நிமிஷம் ஆனது. லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். ஓடியது.

பன்னிரண்டு. ஓடியது.

பதினைந்தாவது நிமிஷம் நான் குழாயைப் பார்க்கவில்லை, என் ஆள்காட்டி விரலைத்தான் பார்த்தேன். பாம்பைப் புரட்டிய விரல். கடித்துவிட்டதா? கடித்தது எனக்குத் தெரியாமலே போனதா? விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நகக்கண்ணில் ஒரு சிவப்புப் புள்ளி, முன்பே இருந்ததா இப்போது வந்ததா? காது அடைத்தது. நாக்கில் ரத்தச் சுவை வருகிற மாதிரி இருந்தது. டப்பாவுக்குள் பாம்பு இப்போது நேராக, தலையைத் தூக்கி, இமைக்காமல் உட்கார்ந்திருந்தது. தாங்கியில் இரண்டு குழாய், ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. இரண்டும் ஒரே சிவப்பு, இரண்டும் தண்ணீர். ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அந்தப் பெண்ணும் சாகப்போகிறோம் என்றே நம்பினேன். சாவு இவ்வளவு அமைதியாக, வலி கிலி ஒன்றுமில்லாமல் வருமா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

குழாயை மூக்குக்கு அருகில் கொண்டுபோனேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ரத்த வாடைக்கு அடியில் மெல்லிசாக எலுமிச்சை வாசம்.

துணி துவைக்கிற சோப்புத் தூள்.

பம்புத் தண்ணீரின் மஞ்சள் கறை எதற்கும் போகவில்லை என்று, நான்தான் சோப்புத் தூளில் ஊறப்போட்டுக் கழுவ ஆரம்பித்திருந்தேன். குழாயும் கண்ணாடியாக மின்னியது, எனக்கும் பெருமை. இந்தச் சோதனைக்கு உபயோகிக்கிற கண்ணாடியில் சோப்புப் படக்கூடாது, பட்டால் அதில் நல்ல ரத்தமும் உறையாது என்று முதல் வருஷமே படித்தவள்தான் நான். படித்தது எங்கே போனது என்றால், மினுமினுப்பில் போனது.

படிகளில் நான் ஓடிய ஓட்டம் இன்னும் முட்டியில் வலிக்கிறது. மேலே மருந்துப் பாட்டிலைக் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டார்கள். டியூப் தேவியின் கையில் ஏறிவிட்டது. அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், அவள் அப்பா அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டரின் கட்டைவிரல் டியூப் திருகில் இருந்தது.

"திறக்காதீங்க!" என்று கத்தினேன். "என் குழாய்தான் தப்பு. நான்தான் சோப்புப் போட்டுக் கழுவினேன். என் ரத்தமே அதில் உறையவில்லை."

நாலு நர்ஸ், ஒரு டாக்டர், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டாக்டர் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்போ இவள் ரத்தம் உறையும்னு சொல்றீங்களா?"

"தெரியாது டாக்டர். உறையும்னும் சொல்லலை, உறையாதுன்னும் சொல்லலை. இதுவரைக்கும் நான் இவள் ரத்தத்தைப் பார்க்கவே இல்லை. இன்னும் இருபது நிமிஷம் கொடுங்க."

இளம் டாக்டர் அவர். காத்திருந்து அவள் செத்தால் பழி அவர் தலையில்தான். என்னை ஒரு கணம் பார்த்தார், அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கட்டைவிரலை எடுத்தார்.

அலமாரியைத் திறந்து புது டப்பாவைக் கிழித்தேன். கிழிக்கும்போது இதற்காகவா பூட்டி வைத்தாய் பாவி என்று எனக்கு நானே திட்டிக்கொண்டேன். அவள் ரத்தம் ஒரு புதுக் குழாயில், என் ரத்தம் ஒரு புதுக் குழாயில். கட்டில் பக்கத்து ஸ்டூலிலேயே தாங்கியை வைத்துவிட்டு நின்றேன். தேவி கண்ணைத் திறந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, நான் செத்துருவேனா?"

"வாயை மூடு. எண்ணிக்கிட்டிருக்கேன்."

எட்டாவது நிமிஷம் என்னுடையது கெட்டித்துவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. அவளுடையதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. இருபது ஆனதும் டாக்டரே எடுத்தார், மெல்லச் சாய்த்தார், பிறகு முழுசாகத் தலைகீழாகக் கவிழ்த்தார். ரத்தம் அடியில் ஒட்டிக்கொண்டு, விழாமல் நின்றது.

"பாட்டிலை இறக்குங்க," என்றார். தேவியின் அப்பா அவள் பாதங்களில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுத்தமான தரையா என்றுகூடப் பார்க்கவில்லை.

வீக்கம் முழங்கையைத் தாண்டி நின்றது. இரண்டு கொப்புளம் வந்தது, நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, பத்துப் பன்னிரண்டு நாளில் கை பழையபடி ஆனது. அந்தப் பாம்பால் ஆனது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என்னால் ஆகவிருந்தது.

உங்களுக்குச் சொல்லவேண்டிய பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழாயை மட்டும் வைத்துவிட்டு நோயாளியைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். பக்கத்தில் உங்கள் ரத்தம் நிற்கட்டும். வலித்தால் வலிக்கட்டும்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அவர்கள் போன மறுநாள், சோப்புப் போட்ட குழாய்களையெல்லாம் உடைத்துக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தேன். நான் எப்போதிலிருந்து சோப்புத் தூள் போட ஆரம்பித்தேன் என்று சட்டென்று ஒரு நினைப்பு வந்தது. மழை முடிந்த பிறகு. அதாவது ஐந்து மாசம். பதிவேட்டைத் திறந்தேன். அந்த ஐந்து மாசத்தில், தேவியைத் தவிர, நாலு பாம்புக்கடி. நாலுக்கும் என் கையெழுத்தில் 'உறையவில்லை'. ஒன்றுகூட உறைந்தது இல்லை, அது எனக்கு உறைக்கவும் இல்லை. மூன்று பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம். நாலாவது ஆள் ஊருக்கு வெளியே லைங் தாயாவிலிருந்து வந்தவர், கார்மெண்ட் ஃபாக்டரி லோடுமேன். முன்பு இங்கே யாரையோ பார்க்க வந்து வழி தெரிந்திருந்த அவர் தம்பிதான் கூட்டி வந்தார். என்ன கடித்தது என்று யாரும் பார்க்கவில்லை. காலில் ஒரு கீறல், அவ்வளவுதான். என் சீட்டைப் பார்த்து இங்கேயே விஷமுறிவு மருந்து போட்டோம். கால் மணி நேரத்தில் மூச்சு அடைத்து இறந்தார். பாம்பு விஷம் என்று எழுதினார்கள்.

பதிவேட்டை டாக்டரிடம் காட்டினேன். அவர் லைங் தாயாக்காரரின் வரியில் விரலை வைத்தார்.

"அவர் ரத்தம் நிஜமாகவே உறையாமல் இருந்ததா, உங்கள் குழாய் சொன்னதா, இனி யாருக்கும் தெரியாது, ஸயாமா," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைங் தாயாவுக்குப் பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தகரக்கூரை போட்ட வரிசை அறைகளில் கடைசி அறை. அவர் மனைவியும் அதே ஃபாக்டரியில் தைக்கிறவள், முப்பது வயதுகூட இருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி இவ்வளவு தூரம் துக்கம் கேட்க வந்திருக்கிறாளே என்று அவளுக்கு ஒரே ஆனாடே. பாயை உதறிப் போட்டு, தேநீர் ஊற்றி வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பர்மியத்தில் பேச ஆரம்பித்தாள்.

"ஸயாமா, யாரிடமும் கேட்கத் துணிச்சல் வரவில்லை, உங்களிடம் கேட்கிறேன். அன்றைக்கு வாய்க்காலில் இறங்கி வள்ளைக்கீரை பறித்து வா என்று அவரை அனுப்பினது நான்தான். அலுப்பாக இருக்கிறது, நாளைக்குப் போகிறேன் என்றார். நான்தான் சண்டை போட்டு அனுப்பினேன். அவரைக் கொன்றது பாம்புதானே?"

தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டும். டாக்டரிடம் சொன்னேனே, அதே வார்த்தை. வாயில் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, ஆறிவிட்டதே என்று என் கோப்பையைக் கீழே ஊற்றிவிட்டு, சூடாக மறுபடி நிரப்பினாள்.